தலைவர் கைவைக்கும் வரை

அன்று ஐக்கிய உலா மன்றத்தின் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று பின்னால் ஆளாளுக்குக் கையை உதறிவிடுவார்கள். நடு நாற்காலியில் தலைவர் ஹாஜி நூஹ் லெப்பை. அவருக்கு வலப்பக்கம் துணைத்தலைவர், இடப்பக்கம் இணைத் துணைத்தலைவர். இருவரும் தலைவரின் மைத்துனர்கள். மேசை ஓரத்தில் பாதுகாப்புச் செயலாளர் ஹாரிஸ். இவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் அடுக்கும் யார்டில் சேஃப்டி ஆபீஸர். சுவரோரம் பஸ் உரிமையாளரும் ஓட்டுநருமான நாசரேத் நேசக்குமார். வெறுமனே டீ குடிக்க வந்த பள்ளிவாசல் ஆலிம்சா. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள், அவர்களில் ரஹ்மத்துன்னிஸாவும் அவர் மகள் ஆமிராவும். கடைசி வரிசையில், வாசலுக்கு மிக அருகில், எழுந்து போய்விடலாம் என்ற எண்ணத்தோடு ரஹ்மத்துன்னிஸாவின் கணவர் ஸதக்கத்துல்லாஹ்.

ஸதக்கத்துல்லாஹ் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் செய்து ஓய்ந்து காயல்பட்டினத்தில் வந்து உட்கார்ந்தவர். நடக்கும்போது முதுகு வளையாது. கடைத்தெருவில் நின்று தின்னமாட்டார். மனைவியோடு தெருவில் போக நேர்ந்தால் பத்தடி முன்னால் போவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அது பட்டப்பெயர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு ஒரு தவறுதான் நடக்கும். பெயர் அவன் பரம்பரைக்கே நிலைத்துவிடும். யாரோ ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புக் கப்பலைத் தவறவிட்டார். இன்று அவருடைய கொள்ளுப்பேரன் விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னாலேயே போய் உட்காருகிறவர். அவர் பெயரும் ‘கப்பல் விட்டார்’தான். இன்னொருவர் கல்யாண விருந்தில் முதல் வாயிலேயே உப்புக் கேட்டார். அவருடைய பேத்தி ஜித்தாவில் டாக்டர். ‘உப்பு டாக்டர்’ என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். ஸதக்கத்துல்லாஹ்வின் குடும்பம் மட்டும் நாலு தலைமுறையாகப் பட்டம் விழாத குடும்பம். அதைக் கண்ணாடிப் பாத்திரம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். ஆமிராவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு.

சென்னைக்குக் கூட்டமாகப் போவது என்ற யோசனையில் அவருக்குப் பங்கில்லை. ரஹ்மத்துன்னிஸாவுக்குத்தான் ஆசை. பூமிக்குக் கீழே ரயில் ஓடுகிறதாம், அதில் ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் கணவரிடம் கேட்டது மிகக் குறைவு, இதைக் கேட்டார். மன்றம் அழைத்துப் போகிறது என்றதும் ஸதக்கத்துல்லாஹ்வுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தானாக அழைத்துப் போனால் நடக்கும் பிழை தன் தலையில் விழும், மன்றம் அழைத்துப் போனால் மன்றத்தின் தலையில் விழும் என்று எண்ணியிருந்தார்.

தலைவர் எழுந்தார். மைக் தேவைப்படாத கூடத்தில் மைக்கைப் பிடித்தார்.

“எனதருமைச் சகோதரர்களே! சென்னை என்பது என்ன? சாப்பிட ஆயிரம் கடை. ஆயிரம் கடை என்றால் ஆயிரம் சந்தேகம். அந்தச் சந்தேகங்களை உங்கள் வயிற்றில் இறக்கிவைக்க இந்த மன்றம் ஒருக்காலும் ஒப்பாது. அவற்றை என் வயிற்றில்தான் இறக்கிவைப்பேன்!”

மைத்துனர்கள் கைதட்டினார்கள்.

திட்டம் இதுதான். தலைவரும் மைத்துனர்களும் அடங்கிய முன்னாய்வுக் குழு காரில் முன்னே போகும். ஒவ்வொரு ஓட்டலிலும் முழுச் சாப்பாடு சாப்பிட்டு, ஹலால் என்று உறுதியானபின் போனில் அனுமதி தரும். அதன்பிறகுதான் பஸ்ஸில் வருகிறவர்கள் சாப்பிடலாம். பார்க்க வேண்டிய இடங்களையும் குழு முதலில் பார்க்கும். பார்க்கத்தக்கவை என்று தெரிந்தால் மற்றவர்கள் பார்க்கலாம்.

ஆலிம்சா டீக் கிளாஸைக் கீழே வைத்தார். ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். “நூஹ் காக்கா, அறுக்கிறவர் நம்மாளு, கடைக்காரர் நம்மாளு. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு ஒரு குழு?”

தலைவர் புன்னகைத்தார். “ஆலிம்சா சொல்றது மார்க்கம். நாங்க பேசிட்டிருக்கிறது நிர்வாகம்.”

“மிருகக்காட்சி சாலைக்கும் இந்தக் குழுதான் போகுதா?”

“ஆமா. அங்கே தின்னக்கூடாத மிருகங்கள் நிறைய இருக்கு. அதுகளைக் குடும்பத்தோட பார்க்கலாமான்னு ஆய்வு நடக்கும்.”

“பார்க்கத்தானே போறாஹ? திங்கவா போறாஹ?” என்று கேட்டுவிட்டு ஆலிம்சா எழுந்து போனார். அவர் கருத்து வாய்மொழியாக இருந்ததால் ஏற்கப்படவில்லை.

பிறகு வந்ததுதான் சஹன் விவகாரம். ஊர் வழக்கப்படி ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாக உண்பார்கள். அந்தத் தட்டுதான் சஹன். விருந்தில் பெரியவர் அமரும் சஹன் தலைச்சஹன். அதில் பெரியவர் கைவைத்தபிறகே மற்றவர்கள் கைவைப்பது மரியாதை. சென்னையிலும் சஹனில்தான் உண்பது, சஹன்களைப் பஸ்ஸிலேயே ஏற்றிப் போவது, தலைவர் கைவைக்கும் வரை எவரும் கைவைக்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று. தலைவர் காரில் முன்னால் போகிறாரே, பஸ்ஸில் இருப்பவர்களின் தலைச்சஹனில் எப்படிக் கைவைப்பார் என்று யாரும் கேட்கவில்லை. ஸதக்கத்துல்லாஹ்வுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் ‘கேள்வி வீடு’ என்று பட்டம் விழுமோ என்று பேசாமல் இருந்தார்.

“இந்த ஒழுங்கைக் காக்க ஒரு காவலர் வேணும்,” என்றார் தலைவர். “இதுவரை ஒரு பட்டம்கூட விழாத குடும்பத்திலிருந்துதான் அவரை எடுக்கணும். அப்படி ஊரில் ஒரே குடும்பம்தான் இருக்கு.”

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. ஸதக்கத்துல்லாஹ் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்திருந்தார்.

“எனக்கு வேணாம் காக்கா,” என்றார். குரல் வெளியே வரவில்லை.

“மௌனம் சம்மதம்,” என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்ததும் ஆமிரா சிரித்தாள். “என்ன வாப்பா, மய்யித்தைப் பார்த்த மாதிரி இருக்கீங்க? பிரியாணித் தட்டுக்குத்தானே காவல்? ஆனைக்கா?”

“நீ சும்மா இரு. தவறு நடந்தா பேரு உனக்கும் சேர்த்துத்தான்.”

“விழட்டுமே. இனிஷியலுக்குப் பதிலா வச்சுக்கறேன்.”

“ஏளா, வாயை மூடு,” என்றார் ரஹ்மத்துன்னிஸா. அவர் புதுச் செருப்பைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தார். பூமிக்குக் கீழே இறங்குவதற்கு.

ஒத்திகைகள் தொடங்கின. ஹாரிஸ் யார்டிலிருந்து பளபளக்கும் மஞ்சள் மேலங்கிகள் கொண்டுவந்து எல்லாருக்கும் மாட்டினார். நகரும் படிக்கட்டில் ஏறப் பழக, மன்றத்தின் கூடத்தில் ஒரு கம்பளத்தை விரித்து, அதன்மேல் ஆளை நிறுத்தி, இரண்டு பேர் இழுத்தார்கள். ஸதக்கத்துல்லாஹ் கம்பளத்தில் நின்று, கண்ணை மூடி, கலிமாவைச் சொல்லிக்கொண்டே கூடத்தின் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தார். “பாஸ்” என்றார் ஹாரிஸ். மெட்ரோ ஒத்திகைக்கு ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் பாசஞ்சருக்கு எதிரே எல்லாரும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். ஏறக்கூடாது, ஏறுவது போல நினைக்க வேண்டும். ரயில் போனபிறகு எல்லாரும் ஏறிவிட்டதாக ஹாரிஸ் அறிவித்தார்.

சாப்பாட்டு ஒத்திகையில் சஹன்கள் வந்தன, உள்ளே ஒன்றுமில்லை. தலைவர் வெறும் தலைச்சஹனில் கைவைக்கும் வரை எல்லாரும் வெறும் சஹன்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் நேரமாயிற்று. ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் வெறும் தட்டில் விரலை வைத்துவிட்டார்.

ஸதக்கத்துல்லாஹ் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஓய், இதில சோறே இல்லையே!” என்றார் கிழவர்.

“இருக்கும்போதும் இப்படித்தான் செய்வீங்க,” என்றார் ஸதக்கத்துல்லாஹ். அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாலை அஸர் தொழுகை முடிந்து, இரவுச் சாப்பாட்டையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டபின் பஸ் கிளம்பியது. முன்னாய்வுக் குழுவின் கார் அதற்கு முந்தைய நாளே போய்விட்டது. பெண்கள் பின்பாதியில், நடுவே திரை. வயதானவர்களின் முதுகில் ஹாரிஸ் கண்டெய்னர் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினார்: மதுக்கிண்ணம் போல ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம், உடையும் பொருள் என்பதன் அடையாளம். ரஹ்மத்துன்னிஸாவின் புதுப் புர்காவிலும் அது இருந்தது.

அவர் வீட்டிலிருந்து வெங்காயப் பணியமும் ஓட்டுமாவும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், மாத்திரை போட்டால் நேரத்துக்கு ஏதாவது வாயில் போட வேண்டும். ஹாரிஸ் டப்பாவை வாங்கி, மற்றவர்களின் மூட்டைகளோடு பஸ்ஸின் அடிப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டு என்றால் சாதாரணப் பூட்டு அல்ல. கப்பலில் ஏற்றும் கண்டெய்னருக்குப் போடும் இரும்பு சீல். வெட்டித்தான் எடுக்க முடியும்.

“வெளி உணவு கலந்தா ஆய்வே செல்லாது லாத்தா,” என்றார் ஹாரிஸ். “தலைவர் முன்னாலதான் சீல் உடையும்.”

நேசக்குமார் தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, நானும் வேளாங்கண்ணிக்கும் வண்டி ஓட்டுதேன், சபரிமலைக்கும் ஓட்டுதேன். தின்பண்ட டப்பாவுக்கு சீல் வச்ச ஆளை இப்பத்தான் பாக்கேன்.”

விடிந்தது. வழியோரப் பள்ளியில் தொழுதார்கள். காலையுணவுக்கு அனுமதி வரவில்லை. குழு இன்னும் தான் முந்தின இரவு உண்ட சாப்பாட்டைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக்குச் சற்று முன்பாக நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நகரத்துக்குள் நுழைய அனுமதி வரும் வரை அங்கேயே இருக்க வேண்டும்.

அங்கே ஒரு பள்ளிவாசலும் அதை ஒட்டி ஒரு பிரியாணிக் கடையும் இருந்தன. கடைக்காரர் பள்ளியின் மோதினார். அதாவது பாங்கு சொல்கிறவரே பிரியாணியும் சமைத்தார். நேசக்குமார் அவரிடம் பேசி, பஸ்ஸில் இருந்த சஹன்களை இறக்கி, வேப்பமரத்தடியில் பாய் விரித்து, பிரியாணியைக் கொட்டச் செய்துவிட்டார். ஒவ்வொரு சஹனிலும் ஓரத்தில் ஒரு கை பிரெட் அல்வா. மரத்துக்கும் சுவருக்கும் இடையே கயிறு கட்டித் திரை போட்டு, பெண்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கத்துக்கு அல்வா இன்னும் போகவில்லை, சோறும் போகவில்லை. ஆண்கள் பந்தி முடிந்தபின் என்று ஒழுங்கு.

எல்லாரும் ஸதக்கத்துல்லாஹ்வைப் பார்த்தார்கள். அவர் தலைச்சஹன் அருகே நின்றார். அதன் முன்னால் தலைவருக்கான இடம் காலியாக இருந்தது. ஹாரிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“தலைவரே, செங்கல்பட்டில ஒரு கடை. மோதினாரே சமைக்கிறாஹ. ஜனங்க காலையிலேருந்து சாப்பிடல. கைவைக்கலாமா?”

போனில் முதலில் எலும்பு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

“மோதினாரா? அது அவர் சொல்றது. நம்ம குழு பார்த்துச்சா? இங்கே நிலைமை உங்களுக்குத் தெரியாது. நாங்க நாலாவது ஓட்டல்ல இருக்கோம். இணைத் துணைத்தலைவரால எழுந்திருக்கவே முடியல. அப்பவும் சமுதாயத்துக்காக இன்னொரு பிளேட் சொல்லியிருக்கோம். நீங்க நிழல்ல உட்கார்ந்துக்கிட்டு அவசரப்படுறீங்க!”

“எப்ப வருவீங்க?”

“இந்தா, பாயா வந்துட்டுது. முடிச்சுட்டுச் சொல்றேன். அதுவரை எவனும் கைவைக்கக் கூடாது. ஸதக்கத்துல்லாஹ் இருக்காரா?”

“இருக்கேன் காக்கா,” என்றார் அவர்.

“நாலு தலைமுறை, ஸதக்கத்துல்லாஹ். நினைவிருக்கட்டும்.” போன் அணைந்தது.

அடுத்தபடியாகப் படங்கள் வந்தன. கடற்கரை முன்னால் தலைவர். மிருகக்காட்சி சாலையில் தலைவர். பின்னால் காண்டாமிருகத்தின் பின்பகுதி. மெட்ரோ நிலையத்தில் தலைவர். ரஹ்மத்துன்னிஸா திரைக்குப் பின்னாலிருந்து ஆமிராவின் போனில் அதை வெகுநேரம் பார்த்தார். ரயில் தெரியவில்லை. தலைவர் அகலமாக நின்றிருந்தார்.

கூடவே ஒரு குரல் செய்தி: நேரம் குறைவாக இருப்பதால், படங்களைப் பார்த்தவர்கள் அந்த இடங்களை நேரில் கண்டதாகவே மன்றம் ஏற்றுக்கொள்கிறது.

“ஏலே ஹாரிஸு, அப்ப பிரியாணியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, வயிறு நிறைஞ்சதா ஏத்துக்குவோம்,” என்றார் வெறும் தட்டில் விரல் வைத்த அதே கிழவர். பிரியாணியின் மேல் ஈ உட்கார ஆரம்பித்திருந்தது. ஹாரிஸ் விசிலை ஊதி ஈயை ஓட்டினார்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஆமிராவின் குரல் வந்தது. அதில் விளையாட்டு இல்லை.

“வாப்பா! உம்மாக்கு வேர்க்குது. பேச்சுக் குழறுது. இங்க பாருங்க வாப்பா!”

ஸதக்கத்துல்லாஹ் திரும்பினார். திரை காற்றில் விலகிய இடைவெளியில் மனைவியின் கை தெரிந்தது. பாயில் கிடந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவர் மாத்திரை போட்டதை ஸதக்கத்துல்லாஹ் பார்த்திருந்தார். பணியம் பஸ்ஸின் வயிற்றுக்குள் இரும்பு சீலுக்குப் பின்னால் இருந்தது.

“ஹாரிஸ், சீலை உடை.”

“கட்டர் யார்டில இருக்கு காக்கா. தலைவர் கொண்டுவரச் சொல்லல.”

நேசக்குமார் பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்பானரோடு ஓடிவந்து சீலில் அடித்தார். அது கப்பல் கவிழ்ந்தாலும் திறக்காத சாதி. “இது ஆவாது அண்ணாச்சி! சுகர் இறங்கிருக்கு, சீனி, அல்வா எதையாவது வாயில போடுங்க! எங்க அத்தைக்கு இப்படித்தான் வந்துச்சு, சடக்குன்னு விழுந்துட்டா!”

அல்வா தலைச்சஹனின் ஓரத்தில் இருந்தது. நெய் மினுங்கியது.

ஸதக்கத்துல்லாஹ்வின் கண்முன் அந்த நேரத்தில் வந்தது மனைவியின் முகம் அல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வந்தது கப்பல் விட்டாரின் கொள்ளுப்பேரன் விமான நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் முகம். பள்ளிவாசல் திண்ணையில் அவரைப் பார்த்து ஒருவர் இன்னொருவர் காதில் சொல்வது கேட்டது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த அத்தனை கண்களும் அவர் கையின் மேலே இருந்தன.

“வாப்பா!”

ஹாரிஸ் குறுக்கே வந்தார். “காக்கா, நீங்களே காவலர். நீங்களே—”

ஸதக்கத்துல்லாஹ் குனிந்தார். தொழுகைக்கு வெளியே அவர் முதுகு வளைந்ததை ஊர் பார்த்தது அன்றுதான். தலைச்சஹனில் கையைப் போட்டு அல்வாவை அள்ளினார். திரையை விலக்கினார். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் அவர். பாயில் மண்டியிட்டு மனைவியின் தலையை மடியில் தாங்கி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாய்க்குள் வைத்தார். “மெல்ல. முழுங்கு. மெல்ல,” என்றார். கொழும்பிலிருந்து போட்ட போன்களில்கூட அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. அல்வா அவர் முழங்கையிலும் வெள்ளைச் சட்டையிலும் அப்பியது.

வெகுநேரத்துக்குப் பின் ரஹ்மத்துன்னிஸா கண்ணைத் திறந்து பார்த்தார். கணவரை, விலகிய திரையை, அதற்கு அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களை.

“என்னங்க இது, எல்லாரும் பார்க்கறாஹ,” என்றார்.

“பார்க்கட்டும்.”

“தலைவர் கைவச்சுட்டாஹளா?”

“இல்லை.”

ரஹ்மத்துன்னிஸா கொஞ்சம் யோசித்தார். “அப்ப இன்னும் கொஞ்சம் குடுங்க.”

அதற்குள் இந்தப் பக்கம் கிழவர் சஹனில் கைவைத்துவிட்டார். அவரைத் தடுக்க வேண்டிய காவலர் திரைக்குப் பின்னால் இருந்தார். பிறகு எல்லாரும் கைவைத்தார்கள். நேசக்குமார் ஒரு சஹனைத் தூக்கிப் பெண்கள் பக்கம் ஆமிராவிடம் நீட்டினார். விசில் ஊதிக்கொண்டிருந்த ஹாரிஸை யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வாயில் சோறு இருந்ததால் விசில் நின்றது.

பாயா முடித்துவிட்டுத் தலைவர் போன் செய்தபோது எல்லாச் சஹன்களும் காலியாக இருந்தன. உலா ரத்து, பஸ் அப்படியே திரும்ப வேண்டும் என்றார் அவர். குழு மட்டும் மீதமுள்ள ஓட்டல்களை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னது. அடுத்த வாரக் கூட்டத்தில் மேடையில் அவர் கண்கலங்கினார்: “நான் உண்டேன். உங்களுக்காக உண்டேன். நீங்களோ எனக்காகக் காத்திருக்கவில்லை!” தியாகத்தைப் பாராட்டி அவருக்கு மைத்துனர்கள் பொன்னாடை போர்த்தினார்கள்.

பட்டம் வெள்ளிக்கிழமைக்குள் விழுந்துவிட்டது: ‘முன்கை வீடு’, அதாவது தலைவருக்கு முன்னால் கைவைத்த வீடு. பலசரக்குக் கடையில் அப்படித்தான் சொல்லி மஞ்சள் தூள் கட்டினார்கள். ஆமிரா போனில் தகப்பனாரின் பெயரை ‘முன்கை வாப்பா’ என்று மாற்றிவைத்தாள். ஸதக்கத்துல்லாஹ் அதைப் பார்த்தார். கோபப்பட வாயெடுத்தார். பயப்பட இனி ஒன்றும் பாக்கியில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவில் இறங்கியபோது ரஹ்மத்துன்னிஸா பின்தங்கினார். இவர் நின்றார், அவர் பக்கத்தில் வந்து சேரும் வரை. ரயில் நிலையத்துக்குப் போய் சென்னை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

தலைச்சஹனில் இருந்த தொடைக்கறிக்கு ஆசைப்பட்டு, தலைவருக்கு முன்பாக ஸதக்கத்துல்லாஹ் சாப்பிட்டுவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். கறியை எடுத்தவர் அந்தக் கிழவர். ஸதக்கத்துல்லாஹ் அன்று ஒன்றுமே சாப்பிடவில்லை.